கை ஓங்கியவனும் கடலில் நின்ற வலையும்

என் குறும்படத்தில் வரும் சண்டியனைப் பார்ப்பவர்கள் பயப்பட வேண்டும், பயந்துகொண்டே ரசிக்கவும் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கம்பஸில் இறுதி வருடத்துக்குக் கொடுக்கவேண்டிய படம் அது. எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். இத்தனை வருடம் என்ன படித்தேன் என்று வீட்டாருக்குக் காட்ட அந்தப் படம்தான் இருந்தது.

சண்டியனாக நடித்தவன் கம்பஸ் நண்பன். தாடி வளர்த்து, கறுப்புச் சேட்டுப் போட்டு வந்திருந்தான். எங்கள் சல்லிக் கடற்கரையில், அப்பா வேலை செய்யும் கரைவலையில் காட்சி. கடலில் விட்ட வலையை இரண்டு கயிற்றால் ஆட்கள் கரைக்கு இழுப்பார்கள். வலை இழுக்கும் ஒருவரை அவன் அறைய வேண்டும். மற்றவர்கள் கயிற்றைப் பிடித்தபடி நடுங்கிப்போய் நிற்க வேண்டும். அறை வாங்க அப்பாவே சம்மதித்திருந்தார். நண்பனின் தலை வானத்தை முட்டுவதுபோலத் தெரிவதற்காக நான் மணலில் படுத்து கமெராவைப் பிடித்தேன்.

நண்பன் கை ஓங்கினான். அவ்வளவுதான், இரண்டு கயிற்றிலும் நின்ற முப்பது பேரும் மணலில் குந்தி இருந்துவிட்டார்கள்.

"ஏன் இருக்கிறீங்கள்? நிண்டு பயப்படுங்கோ!" என்று கத்தினேன்.

"கை ஓங்கினா இருக்கிறதுதானே, தம்பி" என்றார் முன்கயிறு பிடிக்கும் மாமா.

"இது நடிப்பு, மாமா."

"எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியாதே."

எங்கள் வலையில் அது வழக்கம். இழுக்கும்போது எவனாவது கை ஓங்கினால் யாரும் விலக்குப் பிடிக்கப் போவதில்லை. எல்லாரும் இருந்துவிடுவார்கள். ஓங்கியவன் வந்து கயிற்றைப் பிடிக்கும்வரை வலை கடலிலேயே கிடக்கும். சின்ன வயதிலிருந்து பார்த்த இதை நான் கதையில் எழுதவில்லை. படங்களில் பார்த்த பயத்தைத்தான் எழுதியிருந்தேன்.

இரண்டாம் முறையும் இருந்துவிட்டார்கள். "அடியடா தம்பி! அடிச்சிட்டு நீயே தனிய வலையை இழு!" என்று ஒருவர் கத்த, கரையே சிரித்தது.

"மச்சான், என்னைப் பகிடியாக்கிறாங்கள். எழும்பச் சொல்லு" என்றான் நண்பன்.

அப்பா என்னைப் பார்த்தார். "நான் சொன்னா எழும்புவாங்கள். உன்ர படிப்புக்கெண்டா சொல்லுறன். சொல்லட்டா?"

நான் எழும்பி, வள்ளங்கள் இருந்த இடம்வரை பின்னால் நடந்து, அங்கிருந்து கமெராவில் பார்த்தேன். விறைத்த கயிறுகள், பெரிய கடல், அமைதியாக இருக்கும் முப்பது பேர். நடுவில் கையை ஓங்கியபடி ஒருவன், விரல் நகமளவு. அடிக்கிறவனைப் பெரிதாக்கிக் காட்ட எத்தனையோ கோணங்கள் படித்திருந்தேன். அவனை இந்தளவுக்குச் சிறிதாக்க எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. கயிறு இழுக்கிறவர்கள் வெறுமனே இருந்தே அதைச் செய்துவிட்டார்கள். அடிக்கிறவனைப் படத்தில் காட்டக் கூடாது என்று இன்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் எவ்வளவு பெரிய ஆளாகத் தெரிகிறான் என்பதற்குக் கமெரா வைத்திருக்கிறவன்தான் பொறுப்பு.

"வேண்டாம் அப்பா, இருக்கட்டும்!" என்று கூப்பிட்டுச் சொன்னேன். நண்பனிடம், "கையை இறக்காதை, ஏலுமான மட்டும் அப்பிடியே நில்" என்றேன்.

நின்றான். கை மெல்ல நடுங்கியது, வளைந்தது, தானாகவே கீழே வந்தது. யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை. கடைசியில் மணலைப் பார்த்தபடி நடந்துபோய்க் கயிற்றைப் பிடித்தான். முப்பது பேரும் ஒன்றாக எழும்பினார்கள். காட்சியை நிறுத்தச் சொல்ல மறந்து நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.