எஸ்தர் பேசவிடாத பதினைந்து நிமிடம்

காலை ரயில் பங்காருப்பேட்டையில் நிற்கும்போது போன் வந்தது. எஸ்தரின் தம்பி டேவிட். "அண்ணா, அக்கா போயிட்டாங்க," என்றார். காலை ஜெபம் முடித்துக் காபி போட எழுந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இறங்கி, ஊருக்குத் திரும்பும் வண்டிக்காக முக்கால் மணி நேரம் நின்றேன். அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. அன்று பெங்களூரில் எங்கள் வழக்கு ஒன்றின் கட்சிக்காரரை எஸ்தரும் நானும் சேர்ந்து பார்ப்பதாக இருந்தது. நீ முன்னால் போ, அடுத்த வண்டியில் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். சொன்ன நேரத்துக்கு வராமல் இருக்கும் பழக்கமே அவருக்குக் கிடையாது.

எஸ்தரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் உங்களில் பாதிப் பேருக்கு அவர் என்ன வேலை செய்தார் என்பது கடைசிவரை விளங்கவில்லை. கோலார் தங்கவயலில், மைசூர் மைன்ஸ் பக்கம் அவர் போகும் சர்ச்சில் ஒரு பெரியவர், வீட்டுத் தகராறு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து, "நீ வக்கீலாச்சே, கோலார் கோர்ட்டுல எந்த ரூம்ல இருப்ப?" என்று கேட்டார். "நான் போற கோர்ட்டுக்கு ரூமே கெடையாது மாமா," என்றார் எஸ்தர். உண்மைதான். இங்கிருந்து சரக்கு விற்றவருக்கும் வேறொரு நாட்டில் அதை வாங்கியவருக்கும் தகராறு வந்தால், இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட நடுவர்கள் முன்னால் வாதாடுவது அவர் தொழில். சர்வதேச வணிக வழக்கறிஞர் என்று விசிட்டிங் கார்டில் இருக்கும். அவர் சொல்வது இப்படி: "கப்பல் கடல்ல போவுது, சண்ட காயிதத்துல நடக்குது."

நாங்கள் இருவரும் ஒரே வயது. ஒரே ரயிலில் சட்டக் கல்லூரிக்குப் போனோம், ஒரே பெரிய அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அங்கே ஒரு நாள், சரக்குக் கப்பலில் ஏறிய தேதியை இரண்டு நாள் முந்தியதாகக் காட்டும்படி கட்சிக்காரருக்கு யோசனை எழுதிக் கொடுக்கச் சொன்னார் மேலதிகாரி. எல்லோரும் செய்வதுதான் என்றார். எஸ்தர் மறுத்தார். நான் சும்மா இருந்தேன். அடுத்த வாரம் அவர் ராஜினாமாக் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டு என்னிடம் வந்து, "நீ இரு கோபால், உனக்குக் குழந்தைங்க இருக்கு," என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சிங்கப்பூருக்குப் போய்ப் பல வருஷம் பெயர் எடுத்து, திரும்பி வந்து தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மாடி அறையில் போர்டு மாட்டியபோது, கூப்பிடாமலே போய்ச் சேர்ந்துகொண்டேன்.

அந்த மாடிக்கு வந்த வழக்குகளில் ஒன்றைச் சொன்னால் போதும். பூதிகோட்டைப் பக்கம் மாம்பழக் கூழ் தயாரித்து ஏற்றுமதி செய்யும் ஒரு சின்ன ஆலை. ஐரோப்பாவில் வாங்கியவர்கள், கூழைச் சரியான சூட்டில் காய்ச்சவே இல்லை, காய்ச்சிய நேரம் குறித்த உங்கள் பதிவேடு பிற்பாடு உட்கார்ந்து எழுதியது என்று சரக்கை ஏற்க மறுத்தார்கள். அந்தப் பதிவேட்டை எழுதியவர் முனுசாமி. தங்கச் சுரங்கம் மூடும்வரை அதில் வேலை செய்தவர். பிறகு இந்த ஆலையில் ராத்திரி ஷிப்ட் மேற்பார்வை. என் அப்பாவோடு வேலை செய்தவர், அதனால் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். வழக்கு தோற்றால் ஆலை மூடும். முனுசாமிக்கு அதைவிடப் பெரிய கவலை, கள்ளக் கணக்கு எழுதியவன் என்ற பெயர்.

விசாரணை பெங்களூரில் ஒரு ஹோட்டல் அறையில் நடந்தது. மூன்று நடுவர்களும் எதிர்த்தரப்பு வக்கீலும் திரையில் இருந்தார்கள். அறையில் நாங்கள் இருவரும், சாட்சி முனுசாமி, மொழிபெயர்ப்பாளர், சாட்சிக்கு யாரும் சைகை காட்டாமல் பார்த்துக்கொள்ள எதிர்த்தரப்பு அனுப்பிய ஓர் ஆள். குறுக்கு விசாரணை ஒரு மணி நேரம் ஒழுங்காகப் போனது. பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு தாள்களைத் திரையில் காட்டினார். ஒன்று, பழ லாரியின் எடைச் சீட்டு: செவ்வாய் காலை பத்து மணி. இன்னொன்று, முனுசாமியின் பதிவேடு: அதே லாரியின் பழம் கூழாகி டிரம்மில் அடைபட்டது செவ்வாய் விடியற்காலை மூன்று மணி. "பழம் கேட்டுக்குள் வருவதற்கு ஏழு மணி நேரம் முன்பே கூழாகிவிட்டதா, மிஸ்டர் முனுசாமி?"

முனுசாமி, "நான் பார்த்ததத்தான் எழுதினேன்," என்றார். வக்கீல் அடுத்த தாளைக் காட்டினார். அது முனுசாமியின் சாட்சி வாக்குமூலம். அதிலும் செவ்வாய் விடியற்காலை என்றே இருந்தது. "அப்படியானால் பதிவேடு பொய், வாக்குமூலமும் பொய். சரிதானே?" முனுசாமி தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் புரியல," என்றார். தலைமை நடுவர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார்.

எஸ்தர் என் பக்கம் ஒரு துண்டுச் சீட்டைத் தள்ளினார். அதில் ஒரே சொல்: ஷிப்ட். தங்கவயலில் பிறந்தவனுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ராத்திரி ஷிப்ட்டுக்கு ஒரே தேதிதான், சுரங்கத்தில் இறங்கிய நாளின் தேதி. செவ்வாய் ராத்திரி இறங்கியவனுக்குப் புதன் விடிகிறவரை செவ்வாய்தான். முனுசாமி ஆயுள் முழுக்க எழுதியது அப்படி. பதிவேட்டில் இருந்த மூன்று மணி உண்மையில் புதன் விடியற்காலை. அந்தச் செவ்வாயை அப்படியே எடுத்து 'விடியற்காலை'யோடு ஒட்டி வாக்குமூலம் எழுதியவன், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காதவன், நான்.

பதினைந்து நிமிடம் இடைவேளை விட்டார்கள். சாட்சி சொல்லி முடிக்கும்வரை அவரிடம் வழக்கைப் பற்றி யாரும் பேசக்கூடாது, அது விதி. முனுசாமி வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தார். கண்காணிக்க வந்த ஆள் காபி குடிக்கக் கீழே போய்விட்டார். நான் பக்கத்தில் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நான் இன்னா தப்பு பண்ணேன்? அத மட்டும் சொல்லு." ஒரே ஒரு வார்த்தை போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. வாயைத் திறந்துவிட்டேன்.

"கோபால்." எஸ்தர் கதவருகில் நின்றிருந்தார். பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "இப்ப நீ சொல்லிட்டா, உள்ள போய் அவர் சொல்றது நம்ம வார்த்தையா ஆயிடும். நெஜத்தச் சொல்லியும் பொய் சாட்சி ஆயிடுவாரு." பிறகு முனுசாமியிடம், "தண்ணி குடிங்கண்ணா. உள்ள பேசலாம்," என்றார். முனுசாமி என் கையை விட்டுவிட்டார். அந்தக் கிழவர் முகத்தில் இருந்த வெறுப்பை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. மிச்ச நேரம் முழுக்க எஸ்தர் அங்கேயே நின்றார். எஸ்தரின் கழுத்தில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது.

இடைவேளைக்குப் பிறகு எங்கள் முறை, மறுவிசாரணை. அதில் நம் சாட்சியிடம் பதிலை எடுத்துக் கொடுக்கும் கேள்வி கேட்கக்கூடாது. முனுசாமி கோபத்தில் 'ஆமா', 'இல்ல' என்று முடித்துக்கொண்டால் எல்லாம் போச்சு. எஸ்தர் அவசரப்படவில்லை. "அன்னிக்கு எப்ப வேலைக்கு வந்தீங்க?" "ராத்திரி பத்துக்கு." "எப்ப வீட்டுக்குப் போனீங்க?" "காலீல ஆறுக்கு." "பதிவேட்டுல தேதி எப்படிப் போடுவீங்க?" முனுசாமி அவரைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஷிப்ட் தேதிதான். வேற இன்னா போடுவாங்க?"

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் தலைமை நடுவர் நிமிர்ந்தார். நடு இரவுக்குப் பிறகும் ஏன் தேதியை மாற்றவில்லை என்று அவரே கேட்டார். முனுசாமி பொறுமையாகச் சொன்னார்: "சாமி, சொரங்கத்துல பத்து மணிக்கு நூறு பேரு கீழ எறங்குறோம். காலீல ஒருத்தன் மேல வர்ல. ஒரு ஷிப்ட்டுக்கு ரெண்டு தேதி எழுதி வெச்சா, எந்த நாளு ஆளுன்னு தேடுவீங்க?"

பிறகு நடுவர் கேட்டது நியாயமான கேள்வி. அப்படியானால் வாக்குமூலத்தில் செவ்வாய் விடியற்காலை என்று எப்படி வந்தது? நான் எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். நினைப்பதற்குள் எஸ்தர் எழுந்துவிட்டார். "அந்தத் தவறு என்னுடையது. சாட்சியிடம் கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை," என்றார்.

ஆலை பிழைத்தது. முனுசாமி நேர்மையான சாட்சி என்று தீர்ப்பில் எழுதினார்கள். அதே தீர்ப்பில், எஸ்தரின் பெயரைப் போட்டு, கவனக்குறைவாக வாக்குமூலம் தயாரித்த வழக்கறிஞர் என்றும் எழுதினார்கள். எங்கள் தொழிலில் இருப்பது சின்னக் கூட்டம், பேச்சு பரவத் தாமதமாகவில்லை. சிங்கப்பூர் நாளிலிருந்து கூடவே வந்த ஒரு கட்சிக்காரர் வேறு வக்கீலைப் பார்த்துக்கொண்டார். எஸ்தர் அதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் பேசவில்லை. நானும் பேசவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டே வருஷங்கள் போய்விட்டன.

அடக்கத்துக்கு முனுசாமி வந்திருந்தார். மண் போட்டுவிட்டு என்னிடம் வந்தார். "தீர்ப்பு வந்த அன்னிக்கு அம்மா என் ஊட்டுக்கு வந்தாங்க தம்பி. தேதிய நாந்தான் தப்பா எழுதிட்டேன், மன்னிச்சுக்கோங்கன்னாங்க. அவ்ளோ படிச்சவங்க," என்றார்.

"அத எழுதினது நான்," என்றேன். "அவங்க இல்ல."

முனுசாமி கைமண்ணைத் தட்டிவிட்டார். "அவங்க இருக்கும்போது சொல்லியிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு நடந்து போனார்.

எஸ்தரின் புத்தகங்களை டேவிட் என்னை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். வேண்டாம் என்றேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்ள வேண்டியது என்னுடைய அந்தத் தவறு. இத்தனை காலம் அது அவர் பெயரில் இருந்தது. அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன், அந்த வாக்குமூலத்தை எழுதியவன் நான்.