சுண்ணாம்புச் சுவரும் எல்லாருக்கும் ஒரே மாடலும்

லாபிஸ் பக்கம் ஒரு தோட்டத்துப் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தைப் பழுதுபார்க்கும் வேலை எங்கள் தெப்ராவ் அலுவலகத்துக்கு வந்தது. சுவர் முழுக்கச் சுண்ணாம்புப் பூச்சு. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே செங்கல் உதிர்ந்துவிடும். அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் என் பொறுப்பு.

கட்டடத்தைக் கணினியில் ஒரே மாடலாக எழுப்பி, பொறியாளர், வேலையை எடுத்துச் செய்யும் குத்தகையாளர், நாங்கள் எல்லாரும் அதையே பார்ப்பது என்று ஏற்பாடு. ஒரு சுவரைத் தொட்டால் அது எதனால் ஆனது, அதற்கு எது ஆகாது என்று வரும். அத்தனையையும் நான்தான் உட்கார்ந்து நிரப்பினேன்.

பொறியாளர் தன் பகுதியைப் பதிவேற்றும்போதெல்லாம் என் சுண்ணாம்பு போய்ச் சிமெண்டு வந்து உட்கார்ந்துகொள்ளும். அவருடைய மென்பொருளில் சுண்ணாம்பே கிடையாதாம். நான் மாற்றுவேன், அவர் பதிவேற்றுவார், மறுபடி சிமெண்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கட்டட வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன். "அண்ணே, மாடல தொறந்து பாத்தீங்களா?"

"அதத் தொறக்குற அளவுக்கு இங்க லைன் எங்கம்மா இருக்கு? எங்க ஆபீஸ்ல அதப் படம் புடிச்சு வாட்ஸ்அப்ல அனுப்புவாங்க லா. சிமெண்டுன்னுதான் போட்டிருக்கு. நாளைக்குப் பூசுறோம்."

"பூசாதீங்க. நான் வர்றேன்."

மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது கலவை குழைத்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தச் சொன்னேன். வேலை செய்தவர்கள் எல்லாரும் நம் தமிழ் ஆட்கள் என்பதால், சாக்பீஸை எடுத்து ஒவ்வொரு சுவரிலும் 'சிமெண்டு வேண்டாம், சுண்ணாம்பு மட்டும்' என்று தமிழிலேயே பெரிதாக எழுதினேன். மேற்பார்வையாளர் சிரித்தார்.

"இது புரியுதும்மா. இத மொதல்லயே செஞ்சிருக்கலாம் லா."

இத்தனை மாதம் நான் கணினியோடு மல்லுக்கட்டியதற்கு இதுதான் பலன். எரிச்சலாக இருந்தாலும் நிம்மதியாகத் திரும்பினேன்.

பிறகு பொறியாளர் தலைநகரிலிருந்து ஆட்களை அனுப்பிக் கட்டடத்தை மறுபடி ஸ்கேன் எடுத்து, மாடலைப் புதுப்பித்தார். திறந்து பார்த்தேன். நான் எழுதிய சுவர்கள் எல்லாவற்றிலும் சிவப்புக் குறி. ஒன்றைத் தொட்டேன். 'சுவரில் கிறுக்கல். சுரண்டிவிட்டுச் சிமெண்டு பூசவும்.' ஸ்கேன் எடுக்க வந்தவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது.

உடனே மேற்பார்வையாளரைப் போனில் கூப்பிட்டேன்.

"படம் வந்துச்சும்மா," என்றார் அவர். "நீங்கதான் மனச மாத்திக்கிட்டீங்கன்னு நெனச்சோம். முன்பக்கச் சுவரு முடிஞ்சிருச்சு."