குமிழியைக் காட்டச் சொன்ன தாளாளர்

போன வாரம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கண்ணாடிக் கடையில், என் மூக்குக்கண்ணாடியை ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுப் பொத்தானை அழுத்தினார் அங்கிருந்த பெண். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல ஸ்ஸ்ஸென்று சத்தம். "அழுக்கெல்லாம் தானா பூடும் சார்" என்றார். தானாகப் போகவில்லையம்மா, உள்ளே ஆயிரக்கணக்கில் குமிழிகள் பிறந்து நொறுங்குகின்றன என்று ஆரம்பித்தேன். அவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தச் சத்தத்தோடு நான் இரண்டு வருஷம் குடித்தனம் நடத்தியவன். வயலை மேடாக்கிக் கட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர் வேலை. தாளாளர் அரிசி ஆலைக்காரர். நெல்லைப் போட்டால் அரிசி வருகிறது, பிள்ளைகளைப் போட்டால் இன்ஜினியர் வர வேண்டும். நடுவில் இயற்பியல் எதற்கு என்பது அவருடைய நியாயமான சந்தேகம். ஆனால் கல்லூரிக்கு அனுமதி தருகிற ஆய்வுக்குழு வந்தால் ஆராய்ச்சி கேட்கும் என்று யாரோ பயமுறுத்தியதில், இதே மாதிரி ஒரு பழைய தொட்டி எனக்குக் கிடைத்தது.

காதுக்கு எட்டாத மீயொலி, தண்ணீரை நொடிக்குப் பல்லாயிரம் தடவை இழுத்து அமுக்கும். இழுக்கும்போது குமிழி பிறக்கும், அமுக்கும்போது நொறுங்கும். பக்கத்தில் அலுமினியத் தாளைத் தொங்கவிட்டால் ஊசி குத்தின மாதிரி ஓட்டை விழும். ஓட்டைகளை எண்ணினால் குமிழிகள் எவ்வளவு பலமாக அடிக்கின்றன என்று தெரியும். தாள், கேண்டீனில் பரோட்டா கட்டுகிற தாள்தான். எங்கள் ஆராய்ச்சியில் கொஞ்சம் சால்னா வாசனை வீசியதற்கு அதுவே காரணம்.

எண்ணுகிறவர் கஸ்தூரிக்கா. புள்ளலூர்க்காரர், ஆய்வக உதவியாளர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிற குடும்பத்தில் முதலில் பத்தாவது முடித்தவர். ஒருநாள் ஓட்டைகள் இரண்டு மடங்காகிவிட்டன. மிஷின் கெட்டுவிட்டது என்று நான் தீர்ப்பெழுதினேன்.

"மிஷின் நல்லாத்தான் கீது சார். டீக்குக் கொதிக்க வெச்சி மிஞ்சுன தண்ணி ஆறிக்கினு இருந்துச்சி, அதத்தான் ஊத்துனேன். கொதிக்கசொல்ல உள்ள கீற காத்து பூட்டுது இல்ல? அதான் இந்த அடி அடிக்குது."

நான் நம்பவில்லை. ஒரு வாரம் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தேன். அவர் சொன்னதே சரி. தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று மெத்தை மாதிரி அடியைத் தாங்கிக்கொள்கிறது. இது என் பாடப்புத்தகத்திலேயே இருந்ததும், அந்தப் பக்கத்தை நான் புரட்டாததும் பிறகு தெரிந்தது.

ஆய்வுக்குழு வருவதற்கு முந்தின நாள் தாளாளர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், மீனே இல்லாம தொட்டி வெச்சிக்கினு கீறீங்க? குமிழி எங்க?"

"ரொம்பப் பொடிசு சார். கண்ணுக்குச் சரியாத் தெரியாது."

"தெரியாதத நான் கமிட்டிக்கு எப்டி சார் காட்றது?"

மறுநாள் காலை தொட்டிக்குள், தாளாளர் ஏற்பாட்டில், வண்ணமீன் தொட்டிக்குக் காற்று ஊதுகிற மோட்டாரின் குழாய் கிடந்தது. நீல விளக்கு வேறு. கொழுகொழு குமிழிகள் மேலே வந்துகொண்டிருந்தன. குழுவில் இருவர் "பிரமாதம்" என்றார்கள். மூன்றாமவர், நரைமுடியைக் கொண்டை போட்ட ஓர் அம்மா, "ஓர் அலுமினியத் தாளைப் போட்டுக் காட்டுங்கள்" என்றார். போட்டேன். மூன்று நிமிஷம் கழித்து எடுத்தால், தாள் புதுப்பெண் முகம் மாதிரி பளபளவென்று இருந்தது.

கஸ்தூரிக்கா குழாயைப் பிடுங்கினார். "காத்து ஊதிக்கினே இருந்தா எப்டி மேடம் ஓட்டை வியும்?" என்றபடி, கொதிக்கவைத்து ஆற்றி மூடிவைத்திருந்த தண்ணீரை மாற்றி ஊற்றினார். அடுத்த தாளை அந்த அம்மா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, அதில் சல்லடையாக வெளிச்சம் வந்தது.

"இதை யார் கண்டுபிடித்தது?" என்று என்னைக் கேட்டார்.

தாளாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெயர் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

"நாங்க டிபார்ட்மெண்ட்ல கண்டுபிடிச்சோம் மேடம்" என்றேன்.

அவர்கள் போனபின் தொட்டியைத் துடைத்துக்கொண்டே கஸ்தூரிக்கா கேட்டார்: "கண்டுபிடிச்சோம்னீங்களே சார், அந்த 'சோம்'ல நான் கீறனா?"

இருக்கிறீர்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அனுமதி கிடைத்தது. ஆய்வக வாசலில் 'குமிழி ஆராய்ச்சி மையம்' என்று பலகை மாட்டினார்கள். தாளாளர் படம், கல்லூரி முதல்வர் பெயர், கீழே என் பெயர். கஸ்தூரிக்கா பெயரையும் சேர்க்க வேண்டும் என்று முதல்வரிடம் எழுதிக் கொடுத்தேன். "டிகிரி இல்லையே சார்" என்றார். மறுபடி கேட்க நான் போகவில்லை. அடுத்த மாதமே கஸ்தூரிக்கா ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். சொல்லிக்கொள்ளக்கூட என்னிடம் வரவில்லை.

பிள்ளைகள் சேர்வது குறைந்து கல்லூரியும் மூடப்பட்டது. இன்று அது கல்யாண மண்டபம். சாமான்களைக் காலிசெய்தபோது பலகையைத் தாளாளர் வீட்டுக்குப் பத்திரமாக எடுத்துப் போனார்கள். நோட்டுகளைப் பழைய பேப்பர்காரர் மூட்டை கட்டிக்கொண்டு போனார். ஓட்டைக் கணக்கு எழுதிய நோட்டும் அதில் போயிற்று. அதில் மட்டும்தான், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும், 'பு. கஸ்தூரி' என்று இருந்தது.