பை நிறைய மருந்து

செடியைப் பறித்தால் 'க்ளக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு அடியில் கம்ப்யூட்டர் பெட்டியின் விசிறி கரகரவென்று ஓடிக்கொண்டிருக்கும், சூடான தூசி வாசனை மூக்கில் ஏறும். மல்காஜ்கிரியில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸின் முன்னறையில், கோடை விடுமுறையின் மத்தியான வெக்கையில், நானும் என் அண்ணன் டேனியலும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து, திரையில் தெரிகிற காட்டில் மூலிகை பறித்துக்கொண்டிருப்போம். அப்பாவோடு பணிமனையில் வேலை பார்த்த ஒருவர் ஊர் மாறிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டர் அது. அதில் ஓடிய ஒரே விளையாட்டும் இதுதான்.

விளையாட்டின் கதை பெரிதாக ஒன்றுமில்லை. மலைக்கோட்டையில் ஒரு அரக்கன், அவனிடம் சிறைப்பட்ட ஒரு ராஜா, மீட்கப் போகிற ஒரு வீரன். போகிற வழியெல்லாம் செடி, இரும்புத்துண்டு, தோல், எலும்பு என்று கிடக்கும். பொறுக்கிச் சேர்த்தால் வாள் அடித்துக்கொள்ளலாம், மருந்து காய்ச்சிக்கொள்ளலாம். காலனிப் பிள்ளைகள் இதை 'லூட்' என்பார்கள். சண்டை போடுவது அண்ணன் வேலை. எந்தப் பாறைக்குப் பின்னால் என்ன கிடக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. பை அளவுக்கு மீறிக் கனத்துவிட்டால் வீரனால் ஓட முடியாது, நடக்கத்தான் முடியும். எங்கள் வீரன் அந்தக் கோடை முழுக்க ஓடியதே கிடையாது. ஒரு துண்டு இரும்பைக் கீழே போட அண்ணனுக்கு மனசு வராது. எதிர்வீட்டு ஷகீலா வேடிக்கை பார்க்க வந்தால், 'கைக்கு?' என்று உருதுவில் கேட்பாள், எதற்கு இதெல்லாம் என்று அர்த்தம். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல், 'இருக்கட்டும்' என்பான். தமிழ் தெரியாவிட்டாலும் அந்த ஒரு வார்த்தையை அவளே கற்றுக்கொண்டுவிட்டாள்.

இந்தப் புத்தி அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் யோசிக்க வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை ரயில்வே பாஸில் திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போவோம். அம்மா அதற்கு மூட்டை கட்டுகிற கட்டு இருக்கிறதே, படையெடுப்புதான். புளிச்சோறு, தலைவலித் தைலம், வயிற்றுவலிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, கிழிந்த வேட்டித்துணி, கூடுதலாக ஒரு ரொட்டிப் பொட்டலம். பசிக்கிறது என்றால் ரொட்டியைத் தொட விடமாட்டாள், வழியில் ரயில் நின்றுபோனால் என்ன செய்வது என்பாள். எங்கள் ரயில் எங்கேயும் நின்றுபோகவில்லை. பொட்டலம் ஊர் போய்ச் சேரும்போது நொறுங்கித் தூளாகியிருக்கும்.

அந்தக் கோடையில் அவன் ஐடிஐ முடித்திருந்தான். விடுமுறை முடிந்ததும் நகரத்தின் மறுகோடியில், பட்டான்செருவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலைக்குச் சேர வேண்டும். அங்கேயே அறை எடுத்துத் தங்கப்போகிறான் என்று வீட்டில் பேச்சு. போனால் போனவன்தான், இனி இந்த நாற்காலியில் பாதி எனக்கு யார் தருவார்கள் என்று கவலைப்பட்டேன். அவன் போவதற்குள் இந்தக் கதையின் முடிவை அவனோடு உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும், எனக்கு வேறு ஆசையே இல்லை. நானும் நச்சரித்துப் பார்த்தேன். கோட்டைக்குப் போகலாம் என்றால், இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு போகலாம் என்பான். வடக்குக் காடு முடிந்தது, கிழக்குக் காடு முடிந்தது, ஆற்றங்கரை முடிந்தது. வீரன் தள்ளாடித் தள்ளாடி நடந்துகொண்டே இருந்தான், பார்க்கப் பார்க்க எனக்கே கால் வலித்தது.

கடைசியில், அவன் புறப்படுவதற்கு முந்தின நாள் கோட்டைக்குள் போனோம். அரக்கன் அடித்த முதல் அடியிலேயே திரையில் வீரனின் உயிரைக் காட்டுகிற கோடு பாதியாகக் குறைந்தது. பையில் மருந்து குப்பி குப்பியாக இருக்கிறது, ஒரு பொத்தானைத் தட்டினால் போதும்.

"அண்ணே, மருந்தக் குடிண்ணே," என்றேன்.

"ஏட்டி, இரு. இதுக்கு மேல பெருசா ஒண்ணு வந்தா அப்ப என்ன செய்ய?"

பெரிதாக ஒன்றும் வரவில்லை. அதுதான் கடைசி, அதற்குமேல் அந்த விளையாட்டில் ஒன்றுமே கிடையாது. வீரன் செத்து விழுந்தான், பையில் ஒரு குப்பிகூடத் திறக்கவில்லை. திரும்ப ஆரம்பித்தோம். திரும்பவும் அதே கதை. கோடு மெலிந்து சிவப்பாகும்வரை பார்த்துக்கொண்டே இருப்பான், விரல் பொத்தான்மேல் இருக்கும், தட்டமாட்டான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அடுத்த லீவில் வந்து முடித்துவிடலாம் என்று சொல்லி கம்ப்யூட்டரை அணைத்தான்.

அப்படியொரு லீவு வரவேயில்லை. எப்போதாவது ஒரு நாள் வந்தாலும் தூங்கினான். அந்த மழைக்காலத்தில் கரண்ட் ஏறி இறங்கியதில் கம்ப்யூட்டர் புகைந்து போயிற்று.

அதற்கப்புறம் எங்கள் வாழ்க்கையும் மெதுவாகத்தான் நடந்தது. அப்பா ஓய்வு பெற்றார், குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம், அப்பா தவறிப்போனார். நான் கல்யாணமாகி அல்வாலுக்கு வந்தேன். அண்ணன் பட்டான்செருவிலேயே குடும்பமாகிவிட்டான். அம்மா மட்டும், பழகின தேவாலயத்தை விட்டு வரமாட்டேன் என்று மல்காஜ்கிரியில் வாடகை வீட்டில் தனியாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில் அவனைக் கூப்பிடுவாள். நாலு நாள் வந்து இருந்துவிட்டுப் போயேன் என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்டதில்லை. வார விடுமுறையில்கூட ஓவர்டைம் என்பான், ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வந்து போகவே ஒரு நாள் ஆகும் என்பான். லீவு நிறையச் சேர்ந்திருந்தது, எனக்குத் தெரியும். நான் ஒருமுறை கோபமாகவே கேட்டேன்.

"இப்ப எடுத்துட்டேம்னா, நாளைக்கு அம்மாவுக்கு முடியாமப் போயி ஆஸ்பத்திரியில கெடந்தா யாரு பாக்க?" என்றான். அம்மாவுக்கு அதில் பெருமைதான், பிள்ளை எனக்காகச் சேர்த்து வைத்திருக்கிறான் என்று தேவாலயத்தில் சொல்லிக்கொள்வாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கவில்லை. ஒரு காலையில் பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கட்டிலில் சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கூப்பிட்டு, நான் அல்வாலிலிருந்து வந்து சேர்வதற்குள் உடம்பு குளிர்ந்திருந்தது. அண்ணன் ஷேர் ஆட்டோ, பஸ், மறுபடி ஆட்டோ என்று மாறி மாறி யூனிபார்மோடு வந்தான். ஒரு நாள் படுத்திருக்கக் கூடாதா, ஒரே ஒரு நாள், என்று என்னிடமே திரும்பத் திரும்பக் கேட்டான்.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிறகு, தொழிற்சாலையிலிருந்து சூப்பர்வைசர் போன் செய்தார். எப்போது டியூட்டிக்கு வருகிறாய் என்று கேட்டிருப்பார் போல.

"லீவு இருக்கு சார்," என்றான் அண்ணன். "எல்லாம் அப்படியே இருக்கு."

குவார்ட்டர்ஸ் இருந்த வரிசையை இடித்துவிட்டார்கள். அந்த விளையாட்டு இப்போது எங்கும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் எனக்குத் தேடத் தெம்பில்லை. அண்ணன் அந்த லீவை எடுத்தான். அம்மாவின் வீட்டில், அம்மா கேட்ட நாலு நாளைவிட எவ்வளவோ அதிகமாகத் தங்கினான். காலையில் எழுந்து, டீ போட்டுக் குடித்துவிட்டு, தான் பார்த்துக்கொள்ள யாருமில்லாமல் உட்கார்ந்திருந்தான்.