சாமுராய் திரும்பி வந்த பக்கம்

சான்பிரான்சிஸ்கோவில், ஜப்பானியர் கடைகள் இருக்கும் தெருவில் மழைக்கு ஒதுங்கிய புத்தகக் கடையில்தான் அந்த யோசனை வந்தது. தடித்த படக்கதைப் புத்தகம் ஒன்று. எந்தக் கதையானாலும் முடிவை முதலில் பார்க்கும் பழக்கம் எனக்கு. கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். பூத்த மரத்தடியில், இடுப்பில் வாள் செருகிய சாமுராய் ஒரு பெண்ணின் முன் தலைகுனிந்து நிற்கிறான். ஜப்பானிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? பேச்சு பலூன்களுக்குள் வெள்ளைத்தாள் ஒட்டி நானே தமிழ் வசனம் எழுதிவிட்டால் போயிற்று.

அது எண்பதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தியுடன் சன்னிவேலில் அபார்ட்மெண்ட் பகிர்ந்துகொண்டு கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு நிச்சயித்திருந்தவரை ஊரில் ஆர்மி பிடித்துக்கொண்டு போயிருந்தது. அதற்கு மேல் செய்தி இல்லை. ஞாயிறு காலைகளில் ஆபரேட்டரைக் கூப்பிடுவாள். லைன் கிடைக்கவில்லை என்பார்கள். "தாங்க்யூ" என்று சொல்லி போனை வைப்பாள்.

ஒட்டி முடித்த பக்கங்களை அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். முதல் பக்கத்தில் பனி மூடிய சமாதி; எதிரே அந்தப் பெண் மட்டும். பலூனே இல்லை. நானே ஒன்று வெட்டி ஒட்டி, "அப்பா" என்று எழுதினேன். பிறகு போர். வாளில் முதலில் ரத்தம் தெரிந்தது, சண்டை அப்புறம் வந்தது. ஃப்ளாஷ்பேக் என்று முடிவுகட்டி அதற்கும் வசனம் எழுதினேன்.

"என்னப்பா, உம்மட ஆள் இன்னும் வந்து சேரேல்லையோ?" என்பாள் அக்கா, வேலையிலிருந்து வந்ததும்.

"ட்ராஃபிக்ல மாட்டிக்கிட்டார்க்கா. ஃப்ரீவே ஃபுல்லா குதிரை."

அந்த வீட்டில் அவள் சிரித்தது அதற்கு மட்டும்தான். சாமுராய் வந்து சேரும் கடைசிப் பக்கத்தைத் தனக்குக் கிழித்துத் தரச் சொல்லியிருந்தாள், போனுக்கு மேலே ஒட்ட.

இன்னும் சில பக்கங்களே பாக்கி. கம்ப்யூட்டர் லேபில் பக்கத்து டெர்மினலில் இருந்த ஜப்பானிய மாணவி என் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, ஏன் முடிவிலிருந்து ஆரம்பித்திருக்கிறாய் என்று கேட்டாள். அவர்கள் புத்தகம் நமக்குப் பின்னட்டையாகத் தெரியும் பக்கத்தில் தொடங்கி, வலமிருந்து இடமாகப் போகுமாம். அவளே புரட்டிக் காட்டினாள். பூத்த மரத்தடியில் நடந்தது முதல் சந்திப்பு. சமாதி அவனுடையது. கல்லில் பேர் இருக்கிறதே என்றாள். அலங்காரக் கோடுகள் என்று நான் நினைத்திருந்தது அதைத்தான்.

அன்று மாலை அக்கா அந்தப் பக்கத்தைக் கேட்டபோது, சொல்லிவிட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"அப்ப அந்தச் சமாதி?"

"அவரோடதுக்கா."

"எனக்கு அண்டைக்கே விளங்கினது. நீர் அப்பா எண்டீர். நானும் சரியெண்டு இருந்திட்டன்."

அவள் வெங்காயத்தை எண்ணெயில் போட்டாள்.

"ஒட்டினதெல்லாத்தையும் கழட்டும். சரியான பக்கத்தில இருந்து வாசிச்சுக் காட்டும்."

"வேண்டாம்க்கா."

"கடைசி மட்டும்" என்றாள். அவள் ஊர்ப் பேச்சில் அது கடைசி வரைக்கும்.

கெட்டில் ஆவியில் காட்டித் தாள்களை ஒவ்வொன்றாக உரித்தேன். "அப்பா" மட்டும் வர மறுத்தது, பசை அதிகம். சனிக்கிழமை அந்த மாணவி வருவதாகச் சொல்லியிருந்தாள். மற்ற பக்கங்களுக்கு அவள் சொல்லச் சொல்ல எழுதிவிடலாம். சமாதி இருக்கும், யாரும் எதுவும் பேசாத அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும், அக்காவுக்கு நான்தான் வாசிக்க வேண்டும்.