பச்சை விளக்கை நம்பாத நாட்கள்

குடை தேடப் போய், ஜெப மேசைக்குப் பின்னால் பழைய நீலநிறத் தட்டை ஒயர் ஒன்று கையில் சிக்கியது. முகர்ந்தேன். தைலமும் ஈரக் கம்பளியும் கலந்த வாசம். ஒயரை முகர்கிறவன் ஏற்காட்டில் என்னைத் தவிர யாரும் இருக்க மாட்டான்.

வாழவந்திப் பக்கம் கன்னியர் நடத்தும் முதியோர் இல்லத்தின் வாசம் அது. அங்கே கட்டிலுக்கொரு அழைப்புப் பொத்தான். அமுக்கினால் நர்ஸ் அறையில் மணி ஒலிக்கும். அந்த அழைப்புகளைப் பிரித்து அனுப்பக் கட்டடத்துக்கு ஒரு நெட்வொர்க் சுவிட்ச் பெட்டி. பத்தாவதோடு நின்ற நான், இந்த ஒயரைச் செருகி, ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக லேப்டாப்பில் கட்டளை அடிப்பேன். அடிக்குமுன் சிலுவை போட்டுக்கொள்வேன்.

பிறகு சேலத்திலிருந்து ஓர் இன்ஜினியர் பெண் வந்தது. எல்லாப் பெட்டிக்கும் ஒரே திரையிலிருந்து ஒரே தடவையில் அனுப்பிவிடலாமாம். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை.

"நான் தப்புப் பண்ணுனா ஒரு கட்டடம் கண்ணு. நீ பண்ணுனா அத்தனையும் ஊமையாயிரும். அந்நேரம் யாருக்காச்சும் மூச்சுத் திணறுனா?"

"கையில அடிச்சு அடிச்சு பெட்டி ஒண்ணொண்ணும் ஒவ்வொரு மாதிரி இருக்குதுங்ண்ணா. சிலுவை போட்டா ஒண்ணாயிருமாங்க?"

"ஆவாது. கை நடுங்காது, அவ்வளவுதான்."

இல்லத்தின் தலைவியான மதர் முடிவை என்னிடமே விட்டார். முதலில் ஒரு கட்டடத்துக்கு மட்டும் அனுப்பு, பொத்தான்களை நான் அமுக்கிப் பார்த்த பிறகுதான் மற்றவை என்றேன். அந்தப் பெண் அனுப்பியது. திரை பச்சை காட்டியது. பச்சையை நம்ப மனசு வரவில்லை. அறை அறையாகப் போனேன்.

முன்பு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த பெரியவர் படுத்தபடியே கேட்டார்: "ஏனுங்க, இருக்கறனா போயிட்டனான்னு பாக்க வந்தீங்களா?"

"மணி இருக்குதான்னு பாக்க வந்தனுங்க."

"அப்ப மணிக்குத்தான் மரியாதை."

எல்லாம் ஒலித்தன. மற்றக் கட்டடங்களுக்கும் சரி என்றேன். சந்தேகம் மட்டும் போகவில்லை. வாரம் தவறாமல் போய் அமுக்கினேன்.

கடைசி அறை ரோசம்மாவின் மணி ஒருநாள் ஊமையானது. மாட்டியதடா மெஷின் என்று ஓடினேன். சுவரில் ஒயர் கழன்று கிடந்தது. செருகினேன். மறு வாரமும் அப்படியே. கடித்த தடம் இல்லை, பதமாகக் கழற்றியிருந்தது.

"எலிங்களா ஆயா?"

ரோசம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். "எலிதான் சாமி. டீ குடிச்சிட்டுப் போவச் சொல்லுது."

இப்போது ஒயர் கழன்றால் சேலத்துத் திரையில் உடனே தெரிந்துவிடுகிறது. அங்கிருந்து போன் வர, நர்ஸ் செருகிவிடுகிறார். ரோசம்மா கர்த்தரிடம் போய்விட்டார். மணிகள் சரியாகவே ஒலிக்கின்றன என்கிறார்கள். இருக்கலாம். அமுக்கிப் பார்க்க என்னை யாரும் கூப்பிடுவதில்லை.