கிணற்றுக்குள் ஓடிய இஞ்சின்

யாரையும் எதிர்பாராமல் வெள்ளாமை செய்ய வேண்டும் என்பது என் கணவருக்கு ஒரு வெறியாகவே இருந்தது. ஆற்றுக்கால் பாசனத்தில் இருந்த குடும்ப வயல்களை அண்ணன் தம்பிகள் பங்கு பிரித்தபோது, மடைத் தண்ணீருக்காக வருஷம் முழுக்க ஒருவரோடொருவர் மல்லுக்கட்ட வேண்டும் என்று சொல்லி அவர் நன்செய்யே கேட்கவில்லை. களக்காட்டுக்குப் போகும் பாதையில் யாரும் விரும்பாத தோட்டக்காட்டை வாங்கிக்கொண்டார். அதில் ஒரு பெரிய கிணறு இருந்தது. கிணறு என்னுடையது, தண்ணீர் என்னுடையது, எவனிடமும் போய் நிற்க வேண்டாம் என்பார்.

ஆனால் கிணற்றுத் தண்ணீர் தானாக மேலே வராது. மூன்று ஜோடி மாடு, மூன்று கமலை, அவற்றை ஓட்ட மூன்று ஆட்கள் வேண்டியிருந்தது. மூவரும் உடன்பிறந்தவர்கள். மாட்டை வடத்தோடு பள்ளத்தில் இறக்கி, பின்பக்கமாகவே மேட்டுக்கு ஏற்றி, விடியலிலிருந்து வெயில் ஏறும்வரை கூனை கூனையாகத் தண்ணீரை மொண்டு இறைப்பார்கள். ஒரு பங்குனியில் குலதெய்வக் கோயில் கொடை விழாவுக்குப் போனவர்கள் சொன்ன நாளில் திரும்பவில்லை. கத்தரி நாற்று முழுவதும் சுருண்டுவிட்டது. அன்றுதான் என் கணவர் முடிவு செய்தார். தூத்துக்குடியில் பஞ்சு அரைக்கும் ஆலையில் எண்ணெய் இஞ்சின் ஓடுவதை அவர் பார்த்திருந்தார். அந்த வருஷமே ஒன்றை வாங்கி, ரயிலிலும் பிறகு வண்டியிலுமாக ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தார். மாடுகளைச் சந்தைக்கு ஓட்டிவிட்டார். மூன்று பேரையும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இஞ்சின் ஓடத் தொடங்கிய நாளில் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து வேலியோரம் நின்றார்கள். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

"ஏளா, இங்க பாரு. இனிமே ஒருத்தன் உக்காந்துக்கிட்டே நூறு ஏக்கர் வெள்ளாமை பாக்கலாம். உழுகதுக்கு ஒரு இஞ்சின், அறுக்கதுக்கு ஒரு இஞ்சின். நம்ம பேரப்பிள்ளைக காலத்துல வயல்ல ஆளே இருக்காது."

"ஆளே இல்லாம என்ன வெள்ளாமை? யாருகிட்ட பேசுவிய?"

"பேச்சு எதுக்கு? தண்ணி வந்தாப் போதும்."

கமலைக்காரர்களில் கடைசித் தம்பி கொழும்புக்குக் கப்பலேறினான். நடுவில் உள்ளவன் நூலாலைக்குப் போனான். மூத்தவர் மட்டும் ஊரில் தங்கி, ஊரார் மாட்டைக் கூலிக்கு மேய்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வேலியை ஒட்டித்தான் தினமும் ஓட்டிப் போவார். எங்கள் தோட்டத்துப் பக்கம் முகத்தைத் திருப்பக்கூட மாட்டார்.

யுத்தம் தொடங்கிய மறு வருஷம் சீமெண்ணெய் கிடைப்பது அரிதாகிவிட்டது. என் கணவர் பேட்டைக் கடைக்காரரிடம் திரும்பத் திரும்பப் போனார். "அண்ணாச்சி, கப்பல் வந்தாத்தானே எனக்கு வரும்? நான் என்ன செய்யட்டும்?" என்று அவரும் கையை விரித்துவிட்டார். அந்த வருஷம் பார்த்து மழையும் பொய்த்தது. குளம் வெடித்துக் கிடந்தது. தோட்டத்தில் ஏத்தன் வாழை குலை தள்ளும் பருவத்தில் நின்றது. இஞ்சின் சும்மா நின்றது. என் கணவர் காலையில் போய் வாழை இலைகளைத் தொட்டுப் பார்ப்பார், வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுவார்.

பிறகு ஒருநாள் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஓடைக்கரை முழுக்க எங்களுக்குப் புங்கமரம் இருந்தது. விதையைப் பொறுக்கி, ஊர்ச் செக்கில் ஆட்டி எண்ணெய் எடுத்தார். கொஞ்சம் சீமெண்ணெயில் இஞ்சினைக் கிளப்பிவிட்டு, அதன் தலை நன்றாகச் சூடேறிக் காய்ந்ததும் புங்க எண்ணெய்க்கு மாற்றிப் பார்த்தார். இஞ்சின் ஓடியது. விக்கி விக்கித்தான் ஓடியது, ஆனால் தண்ணீர் வந்தது.

"இனி எந்தக் கப்பலும் எனக்கு வேண்டாம்" என்றார். "இஞ்சின் என்னுது. எண்ணெயும் என் மரத்துது. எவன் தயவும் வேண்டாம்."

எனக்கு அந்தப் புகையைக் கண்டாலே பயமாக இருந்தது. கறுத்து, கொழகொழவென்று, துணிகளில் எல்லாம் ஒட்டிக்கொண்டது. அந்த இஞ்சின் இருந்த இடத்தையும் சொல்ல வேண்டும். தண்ணீர் ரொம்ப ஆழத்துக்குப் போய்விட்டால் மேலே இருந்து பம்பு அதை உறிஞ்சாது. அதனால் கிணற்றின் பாதி ஆழத்தில் பாறையைக் குடைந்து மேடை கட்டி, அதன்மேல் இஞ்சினையும் பம்பையும் வைத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு தோல் பட்டையை மாட்டியிருந்தார். எண்ணெய் டின் மட்டும் மேலே கைப்பிடிச் சுவரில் இருக்கும். அதிலிருந்து மெல்லிய குழாய் கீழே இறங்கும். புகை போக ஓர் இரும்புக் குழாய் சுவரோரமாக மேலே ஏறும். புங்க எண்ணெய்க் கரி அந்தக் குழாயை உள்ளே உள்ளே அடைத்துக்கொண்டு வந்ததும், அதன் மூட்டு ஒன்று விட்டுக் கிணற்றுக்குள்ளேயே புகை கசிந்ததும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அன்று நான் மதியச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். வாய்க்காலில் தண்ணீர் நூலாகத்தான் வந்துகொண்டிருந்தது. "பட்டை வழுக்குதுபோல, பாத்துட்டு வந்துருதேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் படிக்கல்லில் கால் வைத்தார்.

"சாப்பிட்டுட்டு இறங்குங்களேன்."

"தண்ணி நிக்கப்போவுது. சாப்பாடா இப்ப முக்கியம்?"

"பைய இறங்குங்க."

மேடைக்குப் போய்ப் பட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையைச் சுவரில் சாய்த்தார். களைப்பாக இருக்கிறது போல என்றுதான் நினைத்தேன். கூப்பிட்டேன். இஞ்சின் சத்தத்தில் கேட்டிருக்காது என்று மறுபடியும் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். அவர் கை மடியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அப்படியே கிடந்தது.

வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த கூலியாள் ஓடி வந்து இறங்கினார். பாதி தூரம்கூடப் போகவில்லை, தடுமாறி, கையும் காலும் ஊன்றித் திரும்ப ஏறி வந்து மண்ணில் விழுந்தார். "அம்மா, தலை சுத்துது. கீழ காத்தே சரியில்ல" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஓடிப்போய் எண்ணெய் டின்னின் திருகைப் பிடித்து இறுக்கி மூடினேன். இஞ்சின் நிற்கவில்லை. குழாய்க்குள் இருந்த எண்ணெயைக் குடித்துக்கொண்டே ஓடியது. நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றேன். ஒவ்வொரு அடியும் என் நெஞ்சில் விழுந்தது. கடைசியில் இருமி, ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. அதற்குப் பிறகு வந்த அமைதி இன்னும் மோசமாக இருந்தது.

எங்கள் கூச்சலைக் கேட்டு மூத்த கமலைக்காரர் வேலியைத் தாண்டி வந்துவிட்டார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படிக்கல்லில் கால் வைத்திருந்தேன். அவர் குறுக்கே வந்து நின்றார்.

"இறங்காதிய."

"தள்ளும்வே! அவரு சாகுதாரு!"

"நீங்க இறங்குனா ரெண்டு பேரைத் தூக்கணும். நில்லுங்க."

வேம்பில் பெரிய கொப்பாக ஒன்றை ஒடித்து, கயிற்றில் கட்டி, கிணற்றுக்குள் விட்டு மேலும் கீழுமாக அடித்தார். கெட்ட காற்றைக் கலைக்கக் கிணறு வெட்டுகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் ஏதோ மரத்தைக் கட்டிக்கொண்டு விளையாடுவதுபோல எனக்கு ஆத்திரம் வந்தது. இன்னும் எவ்வளவு நேரம், இன்னும் எவ்வளவு நேரம் என்று கத்தினேன். அவர் கொப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தார். இலைகள் சுவரில் உரசி உரசி உதிர்ந்தன.

பிறகு அவர் துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டார். பழைய கமலை உருளை இன்னும் கிணற்று மேட்டில் இருந்தது. வடமும் கொட்டகையில் கிடந்தது. மேய்ச்சலில் இருந்த மாட்டில் ஒரு ஜோடியைக் கூலியாள் பிடித்து வந்து பூட்டினார். ஊரான் மாடு, கமலை பழகாதது. வடத்தின் மறுமுனையைத் தம் இடுப்பில் கட்டிக்கொண்டு கமலைக்காரர் படிக்கல்லில் இறங்கினார். மேடைக்குப் போனதும் வடத்தை இடுப்பிலிருந்து அவிழ்த்து, என் கணவரின் அக்குளுக்கடியில் கொடுத்து முடிந்தார். அவர் தலை ஒரு பொம்மையின் தலைபோல ஆடியது.

"இழுங்க! பைய!"

கூலியாள் கிணற்று விளிம்பில் படுத்து வடம் சுவரில் தேயாமல் பிடித்திருந்தார். மாட்டைப் பிடிக்க நான்தான் மிச்சம். என் வாழ்நாளில் நான் மாட்டு மூக்கணாங்கயிற்றைத் தொட்டதில்லை. பள்ளத்தை நோக்கி நடத்தினேன். இடதுபக்கத்து மாடு மிரண்டு ஓர் எட்டுப் பாய்ந்தது. கிணற்றுக்குள் உடம்பு சுவரில் மோதும் சத்தம் கேட்டது. "பைய! பைய!" என்று கீழே இருந்து கத்தினார் அவர். நான் இரண்டு மாட்டின் முகத்தையும் என் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக் கெஞ்சிக்கொண்டு, பின்னால் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பார்த்தால் கயிற்றை விட்டுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

"வந்துட்டாரு!" என்றார் கூலியாள்.

என் கணவர் முகம் நன்றாகச் சிவந்திருந்தது. நல்ல உடம்போடு தூங்குகிறவர்போல இருந்தார். அதைப் பார்த்துத்தான் நான் நடுங்கிப்போனேன். மூக்கில் கை வைத்தபோது மூச்சு இருந்தது, ஆனால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி இருந்தது. கமலைக்காரர் தாமாக ஏறி வந்து, ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார்.

வைத்தியர் வந்து பார்த்தார். பொழுது சாயும் நேரத்தில்தான் என் கணவர் கண்ணைத் திறந்தார். பிள்ளைகளை யாரென்று கேட்டார். மறுநாள்தான் அடையாளம் தெரிந்தது. தலைவலி பல நாள் போகவில்லை. குடம் என்று சொல்ல வந்து, வார்த்தை கிடைக்காமல் கையால் காட்டுவார்.

வாழை அவருக்காகக் காத்திருக்குமா? இலை மடங்கத் தொடங்கியது. நான் கமலைக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி நார்க்கட்டிலை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

"மாடு வாங்கித் தாரேன். வந்து இறைக்கணும்" என்றேன்.

அவர் தலையைக் குனிந்து கயிறு திரித்துக்கொண்டே இருந்தார்.

"உயிரைக் காப்பாத்துன ஆளு, பயிரையும் காப்பாத்தக்கூடாதா?"

"அது வேறம்மா. ஆளு விழுந்து கெடந்தா எவனா இருந்தாலும் தூக்கத்தான் செய்யணும்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "கமலை இழுக்கது எனக்கு என்ன ஆசையா? தோளு ரெண்டும் செத்துப்போச்சு. இஞ்சின் வந்ததுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா அது வந்த அன்னைக்கே மாட்டையும் ஓட்டிவிட்டுட்டு, எங்களையும் ஓட்டிவிட்டாரே. என் தம்பிக எங்க கெடக்கானுவன்னே தெரியல. இப்பம் வந்து இறைக்கேன். மழை பெஞ்சதும் மறுபடியும் போங்கன்னு சொல்லுவிய."

"என்ன செய்யணும்னு சொல்லும்."

"கூலிக்கு வரமாட்டேன். விளைச்சல்ல பங்கு குடுங்க. மாட்டால இறைச்சாலும் பங்கு, இஞ்சினால இறைச்சாலும் பங்கு."

வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சரி என்றேன்.

மாடு வாங்கி வந்த மறுநாள் காலை உருளை கிரீச்சிடும் சத்தம் கேட்டு என் கணவர் கட்டிலிலிருந்து எழுந்து, சுவரையும் வேலியையும் பிடித்துக்கொண்டே தோட்டம்வரை வந்துவிட்டார். உடம்பெல்லாம் ஆடியது.

"யாரைக் கேட்டு அவனைக் கூப்பிட்ட?"

"யாரையும் கேக்கல. பங்குக்குப் பேசியிருக்கேன்."

"பங்கா? என் தோட்டத்துலயா? இவ்வளவு பாடுபட்டு நான்..." அதற்குமேல் அவருக்கு வார்த்தை வரவில்லை. தேடினார். கிடைக்கவில்லை. ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது. எனக்கும் ஆத்திரம்தான்.

"எவன் தயவும் வேண்டாம்னு சொன்னிய. அன்னைக்கு அந்தக் கெணத்துக்குள்ள உங்களோட இருந்தது அந்த இஞ்சின் மட்டும்தான். அது உங்களத் திரும்பியாவது பாத்துதா?"

கமலைக்காரர் மாட்டை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கூனையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு என் கணவர் வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்தார். "நிறுத்தாத, ஓட்டு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வாழையில் பாதிதான் தேறியது. ஐப்பசியில் மழை வந்தது. உடம்பு தேறியதும் என் கணவர் இஞ்சினைக் கிணற்றுக்குள்ளிருந்து தூக்கி மேலே ஓர் ஓலைக் கொட்டகையில் வைத்தார். பம்பு கீழே, இஞ்சின் மேலே, நடுவில் நீளப் பட்டை. அதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. கோடையில் பம்புக்கு எட்டாத ஆழத்துக்குத் தண்ணீர் போனால் மாட்டைப் பூட்டினோம்.

இஞ்சினைக் கிளப்பக் கற்றுத்தர வேண்டும் என்று கமலைக்காரர் கேட்டபோது, என் கணவர் முதலில் முடியாது என்றுவிட்டார். ஆனால் அந்தக் கிணற்றுக்குப் பிறகு அவர் கை நடுக்கம் முழுவதும் போகவில்லை. இஞ்சின் தலையைக் காய்ச்சும் விளக்கைப் பிடிக்க முடியாமல் ஒரு நாள் சட்டையைப் பொசுக்கிக்கொண்டார். விளக்கை நீட்டி, "இந்தா, பிடி" என்றார். அன்று முழுவதும் இரண்டு பேரும் முகமெல்லாம் கரியாக அதோடு மல்லுக்கட்டினார்கள். பொழுது சாயும்போது இஞ்சின் கிளம்பியது. கமலைக்காரர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு இஞ்சின் அவர் பொறுப்பு. பங்கு எவ்வளவு என்பதில் மட்டும் இருவரும் ஒவ்வொரு அறுவடைக்கும் சண்டை போட்டார்கள். நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து குலைகளைப் பிரித்துவைப்பேன்.